வைரவர் காத்த பூ

இன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குப் புகை அடிக்க வந்தார்கள். முன்னால் சுகாதாரப் பரிசோதகர், பின்னால் தோளில் இயந்திரத்தைச் சுமந்தபடி ஒருவர். பரிசோதகர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சிரட்டை இல்லை, பழைய டயர் இல்லை என்று திருப்திப்பட்டவர், குசினிக்குப் பின்னால் சீமெந்துப் படியில் இருந்த தயிர்ச்சட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இதென்ன?"

"பூக்கண்டு, சேர்."

"பூவையும் காணேல்லை, இலையையும் காணேல்லை. ஒரு குச்சியெல்லோ நிக்குது. கீழ்த் தட்டிலை தண்ணி தேங்கிக் கிடக்கு. சின்னப்பிள்ளை இருக்கிற வீடு. கொட்டிப்போட்டுச் சட்டியைக் கவிட்டு விடுங்கோ. அடுத்தமுறை வந்து பாத்தால் வழக்குத்தான்."

ஓம், செய்யிறன் என்றேன். தட்டுத் தண்ணீரை அவர் கண்முன்னாலேயே ஊற்றினேன். சட்டியைக் கவிழ்க்கவில்லை. புகை வருமுன் மகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய் நின்றேன். துறைமுகம் அங்கிருந்து சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. மழை மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்தபோது வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. கதவுகளைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அந்த நாற்றத்துக்குள் நூல் ஓடினதுபோல வேறொரு மணம்.

குச்சியின் நுனி விரிந்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதைச் சுற்றி ஒடுங்கி நீண்ட ஆறு இதழ்கள். உனக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை.

உன்னைக் கொண்டுபோனது டெங்கு. அதே டெங்குக்குப் பயந்துதான் உன் பூவைக் கவிழ்க்கச் சொல்லுகிறார்கள். நீ இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் காணியைப் படையினர் திருப்பித் தந்த காலத்தில் நாம் இருவரும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே அறையில் இருந்து தாவரவியல் படித்துக்கொண்டிருந்தோம். சம்பூர்ப் பக்கம், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மணலும் பற்றையுமான காணி. நீ சிறுமியாய் இருக்கும்போது யுத்தத்துக்குப் பயந்து குடும்பத்தோடு விட்டுவிட்டு ஓடியது. நீங்கள் அகதி முகாமில் தகரத்துக்குக் கீழே வளர்ந்த காலம் முழுவதும் அது முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. மாடு போகவில்லை. கலப்பை போகவில்லை. விறகு பொறுக்கக்கூட ஒருவரும் போகவில்லை. திரும்பிப் போனபோது வீட்டின் அத்திவாரம் எங்கே என்று கண்டுபிடிக்கவே உன் அண்ணா கத்தியோடு பற்றையை வெட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது என்று சொன்னாய்.

அந்த வருடத்து முதல் மழைக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். காணியின் கடல் பக்க மூலையில் ஒரு பாலை மரம். அதற்குக் கீழே, வெறும் மணலில், இலை எதுவும் இல்லாமல், இந்த வெள்ளைப் பூக்கள். பொழுதுபட விரிந்து மறுநாள் மத்தியானம் சோர்ந்துவிடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கோடை முழுக்க மணலுக்கு அடியில் வெங்காயம் போன்ற கிழங்காய் ஒளிந்திருந்து, மழையின் சத்தம் கேட்டதும் எழும்பி வருவது அது. நீ மணலில் கவிழ்ந்து படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்தபடி பார்த்தாய். நான் ஒன்றைப் பிடுங்கக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாய்.

"பாத்தால் போதுமடி. தொடாதை."

உன் அம்மா பின்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். பூவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"காட்டுவெங்காயம். இதைப் பாக்கவோ பஸ் ஏறி வந்தனீங்கள்?" பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்களைத் துரத்திப்போட்டு, எங்கட காணியிலை பூ வளத்திருக்கிறாங்கள், பாரன்" என்றார்.

அந்த வசனத்தை நீ வளாகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். உண்மையும் அதுதான். உங்களை வெளியே வைத்த அதே முள்ளுக்கம்பிதான் அந்தப் பூவை உள்ளே வைத்துக் காப்பாற்றியது. வேறு எங்கும் அது இல்லை. நாம் தேடாத இடமா? நிலாவெளிப் பக்கம் போனோம். மணல் மேடு இருந்த இடங்களில் மதில். குச்சவெளிக்கு அப்பால் போனோம். மணல் அள்ளின கிடங்குகளில் மழைத் தண்ணீர் நின்றது, அதில் எருமைகள் படுத்திருந்தன. ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க இருந்திருக்கும் என்று நீ சொன்னாய். இப்போது இருப்பது உங்கள் பாலை மரத்தடி மட்டும்தான்.

எங்கள் விரிவுரையாளர் நாம் எடுத்திருந்த பூவின் படத்தைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றே கதைத்தார். "உடனே வனத் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. அந்த இடத்தைப் பாதுகாப்பாங்கள்."

வெளியே வந்து படியில் குந்திக்கொண்டு நீ சொன்னாய்: "பாதுகாப்பு எண்டால் என்னெண்டு சேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரர் முகாமில் இருந்து வரப் பிந்திவிட்டார். வந்து பார்த்தபோது அவருடைய நிலத்தில் அதே திணைக்களத்தின் எல்லைக்கல் நட்டிருந்தது. மரம் வளர்ந்திருக்கிறது, ஆகவே இது காடு. காடு என்றால் அது அரசாங்கத்தினுடையது. காணி உறுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் மரத்தைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மழைக்கு முன்பே காணியை மொட்டை அடித்துவிடுவது. பயிர் செய்கிறார்களோ இல்லையோ, ஒரு பற்றை மிஞ்சக்கூடாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நின்றாலும் தாய்மார் பிள்ளைகளை ஏசினார்கள். அழகான வெறும் மண். வீதியால் போகிறவன் பார்த்தால் இங்கே ஆள் இருக்கிறது என்று தெரியவேண்டும்.

பூ இருக்கிறது என்று சொன்னால் காணி போகும். சொல்லாவிட்டால் பூ போகும். இருபத்திரண்டு வயதுப் பெட்டைக்கு இப்படி ஒரு கணக்கை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னமும் ஆத்திரம் ஆறவில்லை.

அண்ணா மண் தள்ளுகிற பெக்கோவுக்குச் சொல்லி வைத்துவிட்டார் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். அடுத்த நாள் காலையில் அழுகை இல்லை. தலையைப் பின்னிக்கொண்டே, "எடி, எங்கட ஊரிலை ஒருத்தரும் கை வைக்காத சாமான் ஒண்டு இருக்கு" என்றாய்.

"என்ன?"

"வைரவர்."

பட்டணத்தில் கேற்று அடிக்கிற வெல்டிங் கடை ஒன்றில் சூலம் செய்வித்தோம். கேற்றுக்கு மேலே வைக்கவா என்று கேட்டார்கள். நீ முகத்தைச் சுழிக்காமல், "இல்லை, காவலுக்கு" என்றாய். உன் பழைய பாவாடையால் சுற்றிக்கொண்டு மூதூர் பஸ்ஸில் ஏறினோம். கிண்ணியாப் பாலம் வரும்வரை அது ஒவ்வொருவர் முழங்காலிலும் இடித்தது. மூதூர்க்காரரான கொண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன புள்ள அது? மீன் குத்தவா போறீங்க?"

"வைரவர்" என்றாய் நீ.

"வைரவரா? அப்ப அவருக்கும் டிக்கட் எடுக்கணும். நிண்டுகொண்டு வாறபடியால் அரை டிக்கட் போட்டுத் தாறன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நீதான் எல்லாரையும்விடப் பெரிதாய்ச் சிரித்தாய். மூதூரில் இறங்கும்போது அவர் அதைத் தானே இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார். "சாமிச் சாமான். பாத்துக் கொண்டு போங்க."

விடியப்புறம் நீ எழும்பிப் பாலை மரத்தடியில் அதை நட்டுவிட்டு வந்து பாயில் படுத்தாய். அம்மா எழும்பியதும் குரலை மாற்றிக்கொண்டு, "அம்மா, கனவிலை வைரவர் வந்தவர். பாலையடியிலை நிக்கிறாராம்" என்றாய். அம்மா உடனே போய்ப் பார்த்தார். வந்தார், குளித்தார், கற்பூரத்தோடு மறுபடி போனார். அண்ணாதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"வைரவருக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ? என்ர கச்சான் பாத்திக்குள்ளயோ வந்து நிக்கோணும்?"

ஆனால் பெக்கோக்காரனிடம் அந்த மூலையை விட்டுச் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்தான். காணி முழுக்க மொட்டையாகியது. பாலை மரமும் அதன் கீழ் மணலும் மட்டும் தப்பின. அம்மா கற்பூரம் கொளுத்தின கையோடு என் தலையிலும் திருநீறு பூசினார். அவர் அப்பால் போனதும் நீ என் காதுக்குள் சொன்னாய்: "அம்மா நம்பினதுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு."

அந்தப் பயத்தை நாம் இருவரும் அத்தோடு விட்டுவிட்டோம். பூ தப்பிவிட்டது என்ற சந்தோசம் பெரிதாக இருந்தது.

அடுத்து வந்த மாரிகளில் பூத்தது. முதலாம் மாரியைவிட இரண்டாம் மாரி கூட. நீ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சராய்ப் போனாய். நான் கலியாணம் கட்டிப் பட்டணத்துக்கு, இந்த ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தேன். தொலைபேசியில் நீ சொல்லுவாய்: "எடி, வைரவருக்குக் கூட்டம் கூடுது." யாரோ ஒருவருக்கு வெளிநாட்டு விசா கிடைத்ததாம். யாருடையவோ காணாமல்போன மாடு வந்துவிட்டதாம். சிவப்புத் துணி கட்டத் தொடங்கினார்கள். ஒருவர் தகரக் கூரை போட்டார். இன்னொருவர் மணலில் கால் புதைகிறது, சீமெந்து போட்டால் நல்லது என்று சொல்ல, நீ அன்றிரவே இரண்டாவது கனவு கண்டாய். தனக்கு மண் தரைதான் விருப்பம் என்றாராம் வைரவர். ஊர் கேட்டுக்கொண்டது. நீ சொல்லிவிட்டுச் சிரித்தாய். "நான் கனவு கண்டு கண்டே களைச்சுப் போவன் போலை."

மகள் அதிரா பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நீ வந்தபோது, பிள்ளைக்குச் சட்டையும் எனக்கு இந்தத் தயிர்ச்சட்டியும் கொண்டு வந்தாய். உள்ளே மணல். மணலுக்குள் ஒரு கிழங்கு.

"தொடாதை எண்டு சொன்னவள் ஆர்?" என்று கேட்டேன்.

"வைரவருக்கு இன்சூரன்ஸ்" என்றாய். பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பில்லாமல் சொன்னாய்: "எனக்கு என்னவும் நடந்தால் அங்கை கனவு காண ஆளில்லையடி."

முப்பது வயதுகூட ஆகவில்லை. எதற்கு அப்படிக் கதைக்கிறாய் என்று நான் ஏசினேன்.

போன மாரி தொடங்கின கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. சோதனை நேரம், பிள்ளைகளை விட்டுவிட்டுப் படுக்க ஏலாது என்று பனடோல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது நான் கைக்குழந்தையோடு வாசலில் நின்றேன். உள்ளே வர விடவில்லை; பிள்ளையோடு வரக்கூடாது என்றார்கள். சரிதான். நானும் பிள்ளைக்குப் பயந்து உன்னைப் பாராமலே திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நீ இல்லை. அன்றிலிருந்து எனக்கு நுளம்பு என்றால் அது வெறும் பூச்சி இல்லை. காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டால் எழும்பி லைற்றைப் போட்டு மகளின் நெற்றியில் கை வைக்கிறேன்.

இந்த மாரி பிந்தியது; அதற்கு முன்பே உன் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு, வந்துவிட்டது. உன் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, கட்டாயம் வாங்கோ. அவளின்ர வைரவரை இப்ப நாங்கள் வடிவாய்க் கட்டுறம். கனடாவிலை இருக்கிற மாமா உதவி செய்யிறார். நிலத்துக்கு மாபிள் போடுறம்."

கையில் இருந்த பால் போத்தலைக் கீழே வைத்தேன். "எப்ப, அம்மா?"

"திவசத்தண்டைக்குச் சீமெந்து கொட்டுறது."

அந்தப் பயணம் முழுக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். மகள் மடியில் நித்திரை. கிண்ணியாப் பாலத்தில் காற்று வந்தது. அரை டிக்கட் போடுகிற கொண்டக்டர் அன்று அந்த பஸ்ஸில் இல்லை.

உன் அண்ணா பாலையடியில் மண்வெட்டியோடு நின்றார். நிலத்தைச் சமப்படுத்திக் கல் பரப்பியாகிவிட்டது. சீமெந்துப் பைகள் மரத்தில் சாய்த்து அடுக்கியிருந்தன. அம்மா இல்லாத நேரம் பார்த்துக் கிட்டே போனேன். அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, இந்த இடத்திலை மணலுக்குக் கீழை ஒரு பூ இருக்கு."

அவர் நிமிரவில்லை. "தெரியும், தங்கச்சி."

"தெரியுமோ?"

"எனக்குத் தெரியாமல் என்ர காணியிலை சூலம் முளைக்குமோ? வெல்டிங் பச்சையாய்க் கிடந்தது. கம்பியிலை துருகூட இல்லை. வைரவர் நேற்றுக் கடையிலை இருந்து வந்தவர் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. அவள் ஆசைப்பட்டவள். விட்டனான்."

"அப்ப ஏன் இப்ப..."

அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். "மரத்தைக் கண்டால் கல்லு நடுறாங்கள். பூவைக் கண்டாலும் கல்லு நடுவாங்கள். சீமெந்து போட்ட இடத்திலை ஒருத்தனும் நடமாட்டான். அதுவும் சாமி இருக்கிற சீமெந்து. இந்தக் காணி என்ர பிள்ளையளுக்கு வேணும்."

"ஒரு கரையிலை கொஞ்ச இடம் மண்ணாய் விட ஏலாதோ, அண்ணா? ஒரு பாய் அகலம்."

"மண் விட்டால் புல்லு. புல்லு வந்தால் பத்தை. பத்தை வந்தால் காடு." அவருடைய குரல் உயரவில்லை. "பூவைக் காப்பாத்த வேணும் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் படிச்சுப்போட்டுச் சொல்லுறியள். நாங்கள் தகரத்துக்குக் கீழை புழுங்கிச் செத்த நேரம் எங்களைக் காப்பாத்த எந்தப் படிச்சவன் வேலி போட்டவன்?"

அவர் பிழையானவர் என்று எழுதிவிட முடிந்தால் இந்தக் கடிதம் எனக்கு எவ்வளவு லேசாக இருக்கும்! பூ பூத்தால் வந்து பார்த்து மகிழ்ந்து, படம் எடுத்து, அந்தக் குடும்பத்தையும் அங்கேயே இருக்க விடுகிற ஒரு அரசாங்கம் இந்த நாட்டில் இருந்திருந்தால் அந்த மனிதர் மண்வெட்டி தூக்கியிருக்க மாட்டார். நீயும் பொய்க் கனவு கண்டிருக்க மாட்டாய்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. உன்னுடைய வழி.

அம்மா குசினியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தினேன். "அம்மா, நேற்று எனக்கு ஒரு கனவு. அவள் வந்தவள்..." என்று தொடங்கினேன். மண்ணை மூடவேண்டாம் என்று சொன்னாள் என்பதுதான் அடுத்த வசனம். நாக்கின் நுனியில் இருந்தது.

அவருடைய கை நின்றது. மா ஒட்டிய கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உன்ர கனவிலை வந்தவளோ? என்ர கனவிலை ஒருநாளும் வரேல்லையே, பிள்ளை. ஒருக்கால்கூட வரேல்லை. நான் ஒவ்வொரு நாளும் வைரவரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் படுக்கிறனான்." பிடி இறுகியது. "எப்பிடி இருந்தவள்? மெலிஞ்சு போனாளோ? என்னைக் கேட்டவளோ?"

நான் உன் அம்மாவின் கண்களைப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய் என்று நம்புகிறேன்.

"கேட்டவள், அம்மா. சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டவள்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை."

அவர் என் கையை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அரைக்கத் தொடங்கினார். வெளியே சீமெந்து குழைக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. பூவைப் பற்றி ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு கனவு உன் அம்மாவுக்குத் தேவைப்பட்டது. அதில் பூவுக்கு இடம் இருக்கவில்லை.

சீமெந்து கொட்டியபோது நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சாமியின் விருப்பத்துக்கு மாறாக மண்ணை மூடுகிறோமே என்று ஒரு கிழவர் கேட்டார். "அந்தக் கனவு கண்ட பிள்ளைக்காகத்தானே செய்யிறம், அவர் கோவிக்கமாட்டார்" என்று உன் அம்மா சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். மாபிளுக்கு நடுவில் பதிப்பதற்கு ஒரு கறுப்புக் கல் தயாராய் இருந்தது. அதில் உன் பெயர். உன் நினைவாக என்று பொன் எழுத்தில். எந்த இடத்தில் நீ கன்னத்தை மணலில் வைத்துப் படுத்தாயோ, ஏறக்குறைய அந்த இடத்தில்.

மழை வந்ததும் உன் அம்மா மறுபடி அழைத்தார். "இப்ப சேறு சுரி ஒண்டும் இல்லை, பிள்ளை. வெறுங்காலோடை நிக்கலாம். அவளுக்கு நல்ல சந்தோசமாய் இருக்கும்." ஓம் அம்மா என்றேன். மழையின் சத்தம் கேட்டுக் கிழங்குகள் எழும்பியிருக்கும். தண்டுகள் மேலே வந்து முட்டியிருக்கும். அந்தக் கிழங்குக்கு ஒரு வழிதான் தெரியும்; மேலே போவது. உன் பெயருக்குக் கீழே எத்தனை வெள்ளை மொட்டுகள் வளைந்து, திரும்பி, அழுகும் என்று யோசிக்காமல் என்னால் இந்த மழையைக் கேட்க முடியவில்லை.

இன்று கணவர் வேலையால் வந்து, பரிசோதகர் சொன்னதைக் கேட்டுவிட்டு, படியில் போய்ப் பூவைப் பார்த்தார். வடிவாய்த்தான் இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "உன்ர சிநேகிதி செத்தது எதாலை எண்டு உனக்குத் தெரியும். அதையே தட்டிலை வைச்சு வளக்கப் போறியோ? பிள்ளை இருக்கிற வீடு."

அண்ணாவும் அதைத்தான் சொன்னார், இல்லையா? பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். பிள்ளை இருக்கிற வீடு. பிள்ளையை முன்னால் வைத்துவிட்டால் எந்தப் பூவையும் கவிழ்க்கலாம். நானே கவிழ்ப்பேன் என்பதுதான் என் பயம். மகளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், இந்தச் சட்டியைத் தூக்கி மதிலுக்கு அப்பால் எறிய எனக்கு ஒரு நிமிடமும் பிடிக்காது. அதை நீ அறிந்துகொள்ளவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ தவறான ஆளிடம் இன்சூரன்ஸ் போட்டுவிட்டாய்.

நிலத்தில் நடலாம் என்றால் நிலம் எங்கே? இது வாடகை வீடு. வளவு முழுக்கச் சீமெந்து. கடற்கரையில் நட்டால் அடுத்த மாரிக்குள் அங்கே மதில் வரும். திணைக்களத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், எந்தக் காணியில் எடுத்தது என்பதுதான் முதல் கேள்வியாய் இருக்கும். அப்போது உன் அண்ணாவின் முகம் என் முன்னால் வரும். ஆகவே ஒரு கிழங்கு, ஒரு சட்டி, மூன்று பொய்க் கனவுகள். இரண்டு நீ கண்டவை, மற்றது நான் கண்டது. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கீழ்த் தட்டை எடுத்து எறிந்துவிட்டேன். இனிச் சட்டி வெறும் படியில் இருக்கும். விடியவும் பொழுதுபடவும் போய்த் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். நுளம்புக்காகவும் உனக்காகவும்.

ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். விளக்கு வைக்கிற நேரம் மகளைக் காணவில்லை என்று தேடினேன். பின்படியில் பூவுக்கு முன்னால் குந்தியிருந்தாள். உங்கள் பாலையடியில் ஊரார் செய்ததை அன்று என் இடுப்பில் இருந்து பார்த்தவள். சின்னக் கைகள் இரண்டையும் கூப்பிக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"சாமி" என்றாள் என்னைக் கண்டதும்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சாமி என்றால் தகப்பனும் கை வைக்கமாட்டார், பரிசோதகரும் யோசிப்பார். கொஞ்சக் காலத்துக்குப் பூ தப்பும். அந்தக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிட்டேன்.

"கும்பிடாதை, குஞ்சு. பூ. பாத்தால் போதும்."

அவள் பார்த்தாள், விடுபட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.